ஒடியல் கூழ்: வரிசை தவறாமல் காய்ச்சும் முறை

சென்ற இயலில் சொதியும் குழம்பும் வைத்தோம். அவை சோற்றுக்கோ இடியப்பத்துக்கோ துணை. கூழுக்குத் துணை வேண்டாம். மீனும் நண்டும் இறாலும் கிழங்கும் காயும் அரிசியும் ஒரே பானையில் வெந்து, ஒடியல் மாவால் தடித்து, அதுவே ஒரு நேரச் சாப்பாடாகிவிடும். இரண்டு பேருக்கென்று காய்ச்சினால் இத்தனை வகைக் கடலுணவு வாங்குவது கட்டுபடியாகாது. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் கூழ் என்று பேச்செடுத்தால் முதலில் ஆள் எண்ணுவார்கள், பிறகுதான் சந்தைக்குப் போவார்கள்.

கூழுக்குள் எதையும் போடலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. எதைப் போடுகிறோம் என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. எப்போது போடுகிறோம் என்பதில் அந்தச் சுதந்திரம் இல்லை. பலாக்கொட்டை வேகுமுன் புளி விட்டால் கொட்டை கல்லாக நிற்கும். மீன் வெந்து உடைந்த பிறகு கிழங்கைப் போட்டால் கிழங்கு வேகுமுன் மீன் கரைந்து முள் மட்டும் மிஞ்சும். இந்த இயலில் நீங்கள் பழகப்போவது அந்த வரிசையைத்தான்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் கூழ் வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் பிள்ளைகளும் அறிந்த அந்த ஆடிக்கூழ் அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் சேர்ந்த இனிப்பு. தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில்களில் வார்ப்பது கேழ்வரகு அல்லது கம்பங்கூழ். நாம் காய்ச்சப்போவது உறைப்பும் புளிப்புமான ஒடியல் கூழ்.

பிறநாட்டுப் பானைகளிடம் கற்க மூன்று பாடம்

பிறநாட்டு மீன்பானைகளை இங்கே இழுப்பது அழகுக்காக அல்ல. நம் கூழ் எந்த இடத்தில் கெடுமோ அதே இடத்தில் அவையும் கெடும். அங்குள்ளவர்கள் அதற்குக் கண்ட வழி நமக்கும் உதவும்.

பிரான்சின் மார்செய் துறைமுகத்து பூயாபேஸ், விலைபோகாத பாறை மீன்களை மீனவர்கள் கடல்நீர்ப் பானையில் வேகவைத்ததில் பிறந்தது என்பார்கள். 1980இல் அந்நகரத்து உணவகக்காரர்கள் சிலர் கூடி, எந்த மீன் இருந்தால்தான் அது பூயாபேஸ் என்று ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். அந்தச் சமையலில் நமக்குத் தேவையானது ஒன்று: சதை இறுகிய மீன் முதலில், மெல்லிய சதை மீன் கடைசியில். எல்லா மீனையும் ஒரே நேரத்தில் கொட்டுவதில்லை.

அமெரிக்காவின் லூசியானாவில் காய்ச்சும் கம்போ நம் கூழுக்கு ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்லலாம். நண்டு, இறால், காய், தடித்த சாறு, எல்லாம் உண்டு. அதைத் தடிப்பாக்க மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: கொழுப்பில் வறுத்த கோதுமை மா, வெண்டைக்காய், அல்லது சசாஃப்ரஸ் மரத்து இலைத்தூள். இலைத்தூளை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தூவுவார்கள்; கொதித்தால் நூல்நூலாக இழுபடும். ஒடியல் மாவுக்கு இது நேர்மாறு. சேர்த்த பிறகு கொதித்தே ஆக வேண்டும். கொதிக்காத ஒடியல் மா பச்சை வாசமும் கசப்பும் அடிக்கும், உடம்புக்கும் நல்லதல்ல.

மூன்றாவது பாடம் ஹங்கேரியில் மாட்டிடையர்கள் திறந்த வெளியில் காய்ச்சிய குலாஷிலிருந்து. அதன் சிவப்பு மிளகாய்த்தூளில் வருவது. மிளகாய் அங்கேயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதான், இங்கேயும் போர்த்துக்கேயர் காலத்தில் வந்ததுதான். மரவள்ளியும் தென்னமெரிக்கச் செடி. ஆகவே கூழின் ‘ஆதிச் சுவை’ இதுதான் என்று யாராவது சண்டைக்கு வந்தால், பனங்கிழங்கும் கடலும் தவிர மற்றதெல்லாம் பிறகு வந்து சேர்ந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

மா: வாங்குவதும் பார்ப்பதும்

பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். விதைகளை மணற்பாங்கான நிலத்தில் பாத்தி போட்டால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு இறங்கும். தை மாதமளவில் பாத்தி கிண்டுவார்கள். பச்சைக் கிழங்கைத் தோல் உரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயவைத்தது ஒடியல். அவித்த பின் காயவைத்தால் அது புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துத் தின்ன நன்றாயிருக்கும், கூழுக்குச் சரிவராது. கடையில் இரண்டும் அருகருகே இருக்கும். பொதியின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளில் ஒடியலாகவோ மாவாகவோ வாங்கலாம். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் பொதியாக இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஒடியலாக வாங்கினால் ஒடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தால் காய்ச்சல் போதாது.
2. ஒடித்த இடத்தில் கறுப்போ பச்சையோ பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த ஒடியலைத் துடைத்தாலும் மறுபடி வெயிலில் போட்டாலும் அதன் நஞ்சு போகாது. மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.
3. மாவாக வாங்கினால் முகர்ந்து பாருங்கள். காய்ந்த கிழங்கின் மண்வாசம் சரி. புளித்த வாசமோ, பூட்டிக்கிடந்த அறையின் வாசமோ சரியில்லை.
4. வீட்டுக்கு வந்ததும் அரித்து, காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள்.

கசப்பு எடுத்தல்: தவறவிடக்கூடாத வேலை

பச்சைப் பனங்கிழங்கில் கசப்பு உண்டு. அந்தக் கசப்பை வெறும் சுவைக் குறையாக எண்ண வேண்டாம். 1971இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் பனங்கிழங்கு மா தின்ற எலிகளின் ஈரலில் கேடு கண்டார்கள். நம் ஊரில் ஒடியல் மாவை ஊறவைத்து நீர் இறுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். ஆய்வைப் படித்துச் செய்ததல்ல, ஆனாலும் சரியான பழக்கம்.

1. 250 கிராம் மாவை ஓர் அகன்ற பாத்திரத்தில் போட்டு, ஒன்றரை லீற்றர் தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள்.
2. மேலே மிதக்கும் தும்பையும் சக்கையையும் எடுத்து எறியுங்கள்.
3. ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். மா அடியில் படியும்.
4. மேல்நீரை மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். மங்கிய மஞ்சளாகப் போகும் அந்த நீரில்தான் கசப்பு இருக்கிறது.
5. மறுபடி தண்ணீர் விட்டு இன்னொரு மணித்தியாலம் வைத்து இறுங்கள். கசப்புக் கூடிய மா என்றால் மூன்றாம் தடவையும் செய்யலாம்.

குறிப்பு: ஊறிய மாவைப் பச்சையாக வாயில் வைத்து ருசி பார்க்காதீர்கள். இறுத்த நீரின் நிறம் தெளிந்துவிட்டதா என்று பார்த்தாலே போதும். இந்த வேலைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், ஆகவே சந்தைக்குப் புறப்படுமுன் மாவை ஊறப்போட்டுவிட்டுப் போங்கள்.

எட்டுப் பேருக்கு வேண்டியவை

ஒடியல் மா 250 கிராம், மீன் 750 கிராம், ஒரு பெரிய மீன்தலையையும் சேர்த்து, நடுத்தர நண்டு 4, இறால் 250 கிராம், கணவாய் 200 கிராம், புழுங்கல் அரிசி ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அளவு, பலாக்கொட்டை 25, மரவள்ளிக்கிழங்கு 300 கிராம், பயற்றங்காய் 150 கிராம், முருங்கையிலை இரண்டு பிடி, செத்தல் மிளகாய் 15 முதல் 20, மஞ்சள் ஒரு தேக்கரண்டி, பழப்புளி 75 கிராம், உப்பு, கடிப்பதற்குத் தேங்காய்ச் சொட்டு.

வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறித்தூள், தேங்காய்ப்பால் ஒன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. மறந்து விட்டதல்ல. சில வீடுகளில் உள்ளியும் மிளகும் தட்டிப் போடுவார்கள், அதை நான் குறைசொல்ல மாட்டேன். வறுத்த கறித்தூள் போட்டால் மட்டும் அது மா கரைத்த மீன்குழம்பு ஆகிவிடும். தாளிப்பும் வேண்டாம்.

பானையும் அடுப்பும்

எட்டு முதல் பத்து லீற்றர் கொள்ளும் பானை தேவை. நிறைந்தாலும் கிண்டுவதற்கு மேலே நாலு விரல் இடம் இருக்க வேண்டும். மண்பானையோ துருப்பிடிக்காத உருக்குப் பானையோ நல்லது. அலுமினியப் பானையைத் தவிருங்கள், புளி அதை அரிக்கும். மெல்லிய தகட்டுப் பாத்திரம் அடிப்பிடிக்கும். அகப்பையின் காம்பு பானையின் ஆழத்தைவிட ஒரு முழமாவது நீளமாயிருக்கட்டும்.

முற்றத்தில் மூன்று கல் வைத்துக் காய்ச்சுகிறீர்கள் என்றால், பானையை ஏற்றுமுன் தண்ணீர் நிரப்பிய பாத்திரம் ஒன்றை வைத்துக் கல் ஆடுகிறதா என்று பாருங்கள். வாயு அடுப்பானால் அடுப்பின் தாங்கியைவிடப் பானை மிக அகன்று வெளியே துருத்தக்கூடாது. மா விட்ட பிறகு கூழ் குமிழ்விட்டுத் தெறிக்கும். வெறும் தண்ணீர் தெறித்தால் வழிந்துவிடும். கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், பிள்ளைகளை அடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

கடலுணவு: தெரிவும் சுத்தமும்

பாசையூர், குருநகர், காக்கைதீவு போன்ற இடங்களில் காலையில் போனால் களப்பிலிருந்து வந்த நண்டும் இறாலும் நேரே கிடைக்கும். பின்னேரம் போய்ப் பேரம் பேசி வாங்கிய மலிவு மீன் கூழுக்கு ஆகாது. கூழில் மசாலா கிடையாது, ஆகவே மீன் பழுதானால் மறைக்க ஒன்றுமில்லை.

மீன்: கலவாய், பாரை, திருக்கை, விளைமீன் நல்லவை. பெரிய கலவாய்த் தலை ஒன்று கிடைத்தால் கூழின் சாறு அதிலேயே பாதி வந்துவிடும். சூடை போன்ற முள்மீனைத் தவிருங்கள். தடித்த கூழில் முள் கண்ணுக்குத் தெரியாது. சூரை, கும்பிளா போன்ற கரும்சதை மீன்கள் வெயிலில் கிடந்தால், பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் போகாத ஒவ்வாமைப் பொருள் அவற்றில் உண்டாகும். ஐஸில் இருந்ததென்று உறுதியில்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பேத்தை மீன் ஒருபோதும் பானைக்குள் போகக்கூடாது. வலையில் கலந்து வந்த மீனைக் குவியலாக வாங்குபவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பேத்தையின் நஞ்சு கொதியில் அழியாது, அதற்கு முறிமருந்தும் இல்லை. திருக்கையைத் துண்டாக்காமல் முழுதாக வாங்கினால், வாலில் உள்ள முள்ளை வெட்டி எறிந்த பிறகுதான் கையில் எடுங்கள்.

நண்டு: உயிரோடு இருக்க வேண்டும், அல்லது ஐஸில் வைத்த புதியதாக இருக்க வேண்டும். நெடுநேரம் செத்துக் கிடந்து நீர் வடிந்த நண்டு வேண்டாம். வயிற்றுக்கு வெளியே சினை தெரியும் பெட்டையை வாங்காமல் விடுங்கள், களப்பில் நாளைக்கும் நண்டு வேண்டும். பாறை இடுக்கில் பிடித்த, பெயர் தெரியாத நிறநிறமான நண்டுகளைப் போடவே வேண்டாம். சிலவற்றில் பேத்தைக்குச் சமமான நஞ்சு உண்டு.

1. உயிர்நண்டை அரை மணித்தியாலம் உறைபெட்டியில் வையுங்கள். அசைவு நின்றுவிடும், கையைக் கவ்வாது.
2. முதுகோட்டைப் பின்பக்கத்திலிருந்து நெம்பிக் கழற்றுங்கள்.
3. இரு பக்கமும் இருக்கும் பஞ்சு போன்ற செவுள்களைப் பிய்த்து எறிந்து, உடலைக் கழுவி இரண்டாக வெட்டுங்கள்.
4. பெரிய கால்களை அம்மிக் குழவியால் ஒருமுறை தட்டி விரிசல் விடச் செய்யுங்கள். நொறுக்கினால் ஓட்டுத் துகள் கூழில் கலந்து வாயைக் கிழிக்கும்.
5. கூரான கால்நுனிகளை வெட்டிவிடுங்கள்.

இறாலின் முதுகுக் குடலை எடுங்கள். தலையை எறியாமல் தனியே வையுங்கள். கணவாயின் மைப்பையை உடையாமல் அகற்றாவிட்டால் கூழ் கறுத்துவிடும்.

விருந்தினரில் யாருக்காவது நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதா என்று முதல் நாளே கேளுங்கள். எல்லாம் ஒரே பானையில் வேகிறபடியால் அவர்களுக்கென்று பிறகு பிரித்து எடுக்க முடியாது.

காயும் கிழங்கும்

மரவள்ளியின் இரண்டு தோலையும் உரித்து, நடு நரம்பை எடுத்து, சிறு துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் போடுங்கள். உள்ளே நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் எறியுங்கள். கசக்கும் கிழங்கும் வேண்டாம். பானையை மூடாமல் வேகவையுங்கள். மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பதில்லை என்பது இலங்கை முழுவதும் உள்ள வழக்கம். அதை மீற உங்களுக்குக் காரணமும் இல்லை, கூழில் இஞ்சிக்கு இடமும் இல்லை.

பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து இரண்டாக வெட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணிறத் தோலைச் சுரண்டினால் நல்லது, முழுதாகப் போகாவிட்டாலும் பாதகமில்லை. பயற்றங்காயை ஓர் அங்குல நீளத்துக்கு முறியுங்கள்.

காய்ச்சும் வரிசை

1. செத்தல் மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மஞ்சளும் கொஞ்சம் உப்பும் சேர்த்து அம்மியில் பசையாக அரையுங்கள். மின்அரைப்பானில் அரைத்தால் மூடியை முகத்துக்கு அருகில் திறக்காதீர்கள்.

2. பழப்புளியை அரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, வடித்து, மிளகாய்ப் பசையை அதற்குள் கலக்கி வையுங்கள்.

3. இறால் தலைகளை மூன்று லீற்றர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, தலைகளை எறியுங்கள். பானைக்கு இதுதான் தண்ணீர். அவசரமானால் வெறும் தண்ணீரும் போதும். ஆனால் இந்தப் பத்து நிமிடம் வீண்போகாது.

4. நீர் கொதித்ததும் அரிசியையும் பலாக்கொட்டையையும் போடுங்கள். பதினைந்து நிமிடம்.

5. மரவள்ளியைப் போடுங்கள். பத்து நிமிடம், மூடாமல். இந்தக் கட்டத்தில் ஒரு பலாக்கொட்டையை எடுத்து நசித்துப் பாருங்கள். மாவாக நசிய வேண்டும். நசியாவிட்டால் காத்திருங்கள், அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

6. மீன்தலை, நண்டு, பயற்றங்காய். எட்டு முதல் பத்து நிமிடம். நண்டு முழுக்கச் சிவக்க வேண்டும்.

7. மீன்தலையை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். ஆறியதும் சதையை மட்டும் பிய்த்துப் பானையில் போட்டு எலும்பை ஒதுக்குங்கள். பலரும் செய்யாமல் விடும் வேலை இது. பிள்ளைகளும் வயதானவர்களும் பந்தியில் இருந்தால் விடாதீர்கள்.

8. மிளகாய் கரைத்த புளியை விடுங்கள். உப்புப் போடுங்கள், ஆனால் முக்கால் பங்குதான். ஒரு கொதி வரட்டும்.

9. மீன் துண்டுகளைப் போடுங்கள். திருக்கை, பாரை முதலில். மெல்லிய சதை மீன் இரண்டு நிமிடம் கழித்து. பிறகு இறால், கணவாய். இதற்குப் பின் அகப்பையைச் சுழற்றாதீர்கள். பானையின் ஓரத்தால் இறக்கி அடியை மட்டும் தள்ளிவிடுங்கள்.

10. அடுப்பைக் குறையுங்கள். படிந்திருக்கும் மாவில் அரை லீற்றர் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, அரிதட்டில் வடித்து, ஒருவர் மெல்லிய தாரையாக விட, இன்னொருவர் அடியைத் தொட்டுக் கிண்ட வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. தனியாளாக இருந்தால் மாவை நாலு பங்காக்கி, ஒவ்வொரு பங்கும் கலந்த பிறகு அடுத்ததை விடுங்கள்.

11. மெல்லிய கொதியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் விடாமல் கிண்டுங்கள். வெள்ளையாக விட்ட மா மெல்ல மங்கிச் சாற்றோடு ஒன்றாகும். பச்சை வாசம் போய்க் கூழ் வாசம் எழும். அதற்கு முன் இறக்காதீர்கள்.

12. முருங்கையிலையைத் தூவி, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். இப்போது உப்புப் பார்த்துக் குறையை நிரப்புங்கள்.

குறிப்பு: அகப்பையில் எடுத்து ஊற்றினால் தாராளமாக வழிய வேண்டும். ஆற ஆறக் கூழ் இறுகும். அடுப்பிலேயே நீங்கள் விரும்பும் தடிப்புக்கு வந்துவிட்டால், பந்திக்குப் போகும்போது அது களியாகிவிடும்.

பிழைத்தால்

கட்டி விழுந்தால் அடுப்பை நிறுத்திவிட்டுக் கட்டிகளை அகப்பையால் எடுத்து, கொஞ்சம் சாற்றோடு அரிதட்டில் தேய்த்துத் திரும்ப விடுங்கள். பானைக்குள் வைத்து நசிக்கப் போனால் மீன் எல்லாம் உடையும்.

அடிப்பிடித்தால் கிண்டாதீர்கள். மேல்பகுதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அடியைச் சுரண்ட வேண்டாம். கருகல் வாசம் ஏறிவிட்டால் அதைப் போக்க வழி கிடையாது.

தண்ணியாக இருந்தால் உடனே மா கரைக்க ஓடாதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் தானே இறுகும். அப்போதும் போதாவிட்டால், முதலிலேயே ஊறவைத்து இறுத்த மா மிச்சமிருந்தால் மட்டும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கழுவாத மாவைக் கரைத்து விடுவது இத்தனை நேர வேலையையும் பாழாக்கும். சோளமா தடிப்பைத் தரும், கூழின் பிடியைத் தராது.

உறைப்பு மிஞ்சினால் அவித்த மரவள்ளியை மசித்துக் கரையுங்கள். சீனி போடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புளி மிஞ்சினாலும் கிழங்கும் சுடுதண்ணீரும்தான் வழி. கசப்பு மிஞ்சினால் வழி இல்லை. மாவின் நீரை இறுக்கும் கட்டத்திலேயே அதற்கு முடிவு கட்டியிருக்க வேண்டும்.

குடிக்கும் விதம்

பனையோலையில் மடித்த பிளாவில் வார்த்து, பலாவிலையைக் கோலி அள்ளிக் குடிப்பது பழைய முறை. பலாவிலையை நன்றாகக் கழுவித் துடைத்து, கூம்பாக மடித்து ஈர்க்கால் குத்துங்கள். ஈர்க்கின் இரு முனையும் இலைக்கு வெளியே தெரியும்படி நீளமாக விடுங்கள். குட்டையாக ஒடித்துக் குத்தினால் கழன்று கூழுக்குள் விழும், விழுங்கியவர் பாடு பெரும்பாடு. சிறுபிள்ளைகளுக்குக் கோப்பையும் கரண்டியுமே போதும். சிரட்டையில் வார்ப்பதென்றால் உள்ளே தும்பு இல்லாமல் சுரண்டிச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

நண்டைக் கடிக்க ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு, ஓடு போட ஒரு பாத்திரம், தேங்காய்ச் சொட்டு. சொட்டை இடையிடையே கடித்தால் உறைப்பு அடங்கும். வார்த்த கையோடு குடிக்கச் சொல்லாதீர்கள். கூழ் மேலே ஆறினாலும் உள்ளே சூடு வைத்திருக்கும்.

தொண்டையில் முள் சிக்கினால் சோற்றுருண்டை விழுங்கச் சொல்வது நம் பழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தச் செய்யலாம். தண்ணீர் குடித்து, இருமிப் பாருங்கள். போகாமல் வலித்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

சைவக் கூழ்

மச்சம் சேர்க்காத வீடுகளில் இதே வரிசையில் மரக்கறிக் கூழ் காய்ச்சலாம். மீனின் இடத்துக்குப் பலாக்கொட்டையை இரட்டிப்பாக்குங்கள். கத்தரிக்காய், பூசணி, கீரை சேருங்கள். மீன் தரும் உப்புச் சுவை இல்லாதபடியால் புளியை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, மிளகு ஒரு தேக்கரண்டி தட்டிப் போடுங்கள். கத்தரிக்காயைப் புளிக்கு முன், கீரையை மாவுக்குப் பின்.

வெளிநாட்டில் காய்ச்சுவோருக்கு

உறைந்த மரவள்ளியும் பலாக்கொட்டையும் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். உறைந்த இறாலை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். குசினி மேசையில் வைத்து உருக விடாதீர்கள். கலவாய் இல்லாத இடத்தில் வெள்ளைச் சதையுள்ள எந்தக் கடல்மீனும் ஆகும். சல்மன் தலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் நெய் கூழின் மேல் படலமாக நிற்கும். பாதித் தலைக்கு மேல் போடாதீர்கள். வீட்டுக்குள் காய்ச்சினால் யன்னலைத் திறந்துவையுங்கள்; மிளகாய்க் கமறலுக்குப் புகை எச்சரிப்பு மணியும் இருமும்.

மிஞ்சினால்

அரிசியும் மீனும் சேர்ந்த பானை வெளியே கிடந்தால் விரைவில் கெடும். எங்கள் வெயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். நண்டுத் துண்டுகளை எடுத்துவிட்டு, கூழை அகன்ற ஆழமில்லாத பாத்திரங்களில் ஊற்றி ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பானையோடு வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் சூடாகவே இருக்கும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, கால் பங்கு சுடுதண்ணீர் கலந்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள். மூன்றாம் நாள் கூழ் வேண்டாம்.